ஒரு கையால் அண்ணி கட்டிய தார்ப்பாய்

வழுக்குப் பாறையிலும் செங்குத்துச் சரிவிலும் வருடக்கணக்காக ஏறி இறங்கியவர் எங்கள் அண்ணி. ஒரு கீறல் பட்டதில்லை. கடைசியில் சொந்த வீட்டுக் குளியலறையில், சோப்பு நுரையில் கால் வைத்து விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் விரல்கள் மடங்க மறுத்தன. கையை மூடச் சொன்னால் பாதி வரை வந்து நின்றுவிடும். ஒரு தக்காளியை ஏந்தலாம், ஒரு கயிற்றைப் பிடிக்க முடியாது.

கயிறுதான் அண்ணியின் பிழைப்பு. மலைச் சரிவுகளில் மரக்கன்று நடும் நிறுவனம் ஒன்றில் அவர் முகாம் போடுகிறவர். நடவுப் பருவத்தில் ஆட்கள் வாரக்கணக்கில் மேலேயே தங்குவார்கள். அவர்கள் படுக்கும் கூடாரங்கள், சமையல் இடத்துக்கு மேலே விரிக்கும் பெரிய தார்ப்பாய், எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிக் காற்றுக்கு விட்டுக்கொடுக்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நான் அதே நிறுவனத்தின் லாரி ஓட்டுகிறேன். அண்ணன் தார்ப்பாய் தைக்கிறவன். அவன் தைப்பான், நான் ஏற்றிக்கொண்டு போவேன், அண்ணி கட்டுவார். ஒரே துணிக்குக் கீழே மூன்று பேர் பிழைக்கிறோம் என்று தெருவில் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் முகாம் மேலாளருக்கு விசில் என்று பெயர் வைத்திருந்தோம். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். வேலை தொடங்க ஊதுவார், சாப்பிட ஊதுவார், ஊதாத நேரத்தில் அறிவுரை சொல்வார். எனக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஆனாலும் கெட்டவர் என்று சொல்ல நாக்கு வராது. அண்ணி கைக்கட்டுப் பிரித்த பிறகு அலுவலகத்துக்குப் போனபோது நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"அக்கா, கிடங்குல உக்காந்து கம்பளி எடுத்துக் குடுக்கற வேலை இருக்கு. சம்பளம் அதேதான். கையும் நோகாது."

"கை நோகுதுன்னு நான் சொன்னேனா சார்?"

"சொல்லல. ஆனா நம்ம சமையல் தார்ப்பாய்க்குக் கீழ அடுப்பு எரியுது. கொதிக்கிற அண்டா இருக்கு. ஒரு கயிறு நழுவுச்சுன்னா யாரு மேல கவுழும்? நீங்களே சொல்லுங்க."

கேட்டது நியாயமான கேள்வி. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அண்ணி சொன்னார்: "முதல் நாளு மேல போனதும் அந்தத் தார்ப்பாய நான் தனியா கட்டறேன். யாரும் கை வைக்கக் கூடாது. நீங்க ஒவ்வொரு கயிறா இழுத்துப் பாருங்க. ஒண்ணு சரியில்லன்னாலும் அன்னிக்குச் சாயங்காலமே லாரியில கீழ வந்து கிடங்குல உக்காந்துக்கறேன். அப்புறம் மலைப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

விசில் சம்மதித்தார். முடியாது என்று நம்பித்தான் சம்மதித்தார், அது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பின்சந்தில் மனிதர் நடமாட முடியவில்லை. ஜன்னல் கம்பியிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு ஒரு கயிறு, குழாயிலிருந்து மதில் கொக்கிக்கு ஒரு கயிறு. மாடி வீட்டுக்காரம்மா அதைக் கொடி என்று நினைத்து ஈரப் போர்வையைக் காயப் போட்டார். சண்டை வரும் என்று நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியோ, "போடுங்கக்கா, இன்னும் ரெண்டு இருந்தா அதையும் போடுங்க. எடை தாங்குதான்னு பாக்கணும்" என்றார்.

லாரிக்காரர்கள் சரக்கை இறுக்கப் போடும் முடிச்சு ஒன்று உண்டு. கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, முனையைத் தரையில் அடித்த முளையைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் நுழைத்துக் கீழே இழுத்தால், கப்பி போட்டு இழுத்த மாதிரி இறுகும். ஆனால் இழுத்தது இளகாமல் ஒரு கை கண்ணியருகே கிள்ளிப் பிடித்திருக்க, மறு கை முடிய வேண்டும். அண்ணி முன்பெல்லாம் அந்த முடிச்சைப் பேசிக்கொண்டே போடுவார். இப்போது கிள்ளுகிற கை இல்லை. பல்லால் கடித்துப் பிடித்துப் பார்த்தார். ஈறில் ரத்தம் வந்தது.

"அண்ணி, பல்லு போச்சுன்னா அண்ணன் தைச்சுத் தர மாட்டான்" என்றேன்.

"உன் வாயத் தைக்கச் சொல்றேன் மொதல்ல."

பல்லை விட்டுவிட்டுக் குச்சிக்கு வந்தார். கயிற்றை இரட்டையாகச் சுற்றித் தளர்வாகவே கட்டிவிடுவது. அவசரமில்லாத முடிச்சு என்பதால் ஒரு கை போதும். பிறகு இரண்டு இழைக்கும் நடுவே ஒரு குச்சியைச் செருகிச் சுற்றுவது. சுற்றச் சுற்ற இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கயிறு குறுகும். எந்தப் பயில்வான் இழுத்தாலும் வராத இறுக்கம் ஒரு சாதாரணக் குச்சியில் வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், கையை எடுத்தால் குச்சி வந்த வேகத்தில் திரும்பச் சுழலும். முதல் தடவை சுழன்றபோது நான் பக்கத்தில் குனிந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி புடைத்துவிட்டது.

"கொழுந்தனாருக்கு எங்க மூஞ்சிய நீட்டறதுன்னே தெரியல" என்று சொல்லிக்கொண்டே ஈரத் துணியை எடுத்து வந்து வைத்தார். சிரிப்பை அடக்கவே இல்லை.

அதற்கும் வழி கண்டுபிடித்தார். முறுக்குவதற்கு முன்பே கயிற்றில் ஒரு சிறு வளையத்தை மாட்டிவைத்தார். முறுக்கி முடித்ததும் குச்சியைக் கயிற்றோடு ஒட்டிப் படுக்க வைத்து, மடங்காத இடது கையின் ஓரத்தால் வளையத்தைத் தள்ளி, நுனியில் மாட்டிவிட்டார். குச்சியால் அப்புறம் அசைய முடியவில்லை. கயிற்றை விரலால் சுண்டினார், விண் என்றது. அண்ணியின் முகம் அப்படி மலர்ந்து நான் வெகு நாளாகப் பார்க்கவில்லை. நான் சும்மா இருமினேன்.

அண்ணன் மட்டும் வெளியே வரவில்லை. அவன் பேசாத ஆள். ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பான். சந்தில் குச்சி நழுவும் சத்தம் கேட்கும்போதெல்லாம் உள்ளே தையல் இயந்திரம் நின்றுவிடும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "கிடங்கு வேலைய ஒத்துக்கச் சொல்லேன்டா" என்றான்.

"நீ சொல்லு. உன் பொண்டாட்டிதானே."

"எனக்குத் தைரியம் இல்ல" என்றான், ஊசியைப் பார்த்தபடி.

பருவம் தொடங்கியது. முதல் நாள் முகாமுக்கு எல்லோரும் போவோம். கிழிசல்களை அங்கேயே தைத்துக் கொடுக்க அண்ணனும் வருவான், மாலையில் என்னோடு திரும்பிவிடுவான். அன்றும் வந்தான்.

அண்ணி இறங்கியதும் இடத்தைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு மரத்துக்கு நடுவே முதுகுக் கயிற்றைக் கட்டிக் குச்சி போட்டு முறுக்கினார். தார்ப்பாயைத் தோளில் சுமந்து வந்து அதன் மேல் போட்டார். மேட்டுப் பக்க மூலைகளை மரங்களுக்குக் கட்டினார். பள்ளத்துப் பக்கம் முளை அடித்தார், சுத்தியலுக்கு ஒரு கை போதும், முளையைக் காலால் பிடித்துக்கொண்டார். ஆட்கள் தங்கள் வேலையைச் செய்வது போல நடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார்கள். சமையல்காரர் மட்டும் வெளிப்படையாகவே புலம்பினார், கூரை நிற்காமல் அவர் அடுப்பு மூட்ட முடியாது. காற்று அடிக்கும் மூலைதான் கடைசி. அதையும் முறுக்கி வளையத்தை மாட்டிவிட்டு, சட்டையெல்லாம் வியர்வையாக, தண்ணீர் குடிக்க ஓடைக்கு இறங்கினார். நானும் ஆட்களும் லாரிக்குப் பின்னால் கன்றுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம்.

அண்ணி திரும்பி வந்ததும் விசில் வந்தார். ஒவ்வொரு கயிறாகப் பிடித்து இழுத்தார். காற்று மூலையில் சற்று அதிக நேரம் நின்று முழுப் பலத்தோடு இழுத்தார். அசையவில்லை.

"நல்லாருக்கு அக்கா. நான் நினைக்கவே இல்ல. நீங்க இங்கயே இருங்க."

ஆட்கள் கை தட்டினார்கள். சமையல்காரர் அடுப்பை மூட்டினார். அண்ணி சிரித்துக்கொண்டே தார்ப்பாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். காற்று மூலையில் நின்றார். சிரிப்பு போய்விட்டது.

அங்கே குச்சி இல்லை. கயிறு லாரிக்காரன் முடிச்சில் அழகாக முடிந்திருந்தது.

என்னைத்தான் முதலில் பார்த்தார். "நீயா?"

"சத்தியமா நான் இல்ல அண்ணி."

அண்ணன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ஒரு கூடாரக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. ஊசியில் நூல் இல்லை.

அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. "சார், இது நான் கட்டினது இல்ல" என்றார்.

விசிலுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "விடுங்கக்கா. ஒரு கயிறுதானே. நான் பாத்தது பாத்ததுதான்."

அண்ணி முடிச்சின் முனையைப் பிடித்து உருவிவிட்டார். மூலை படீரென்று மேலே பறந்தது. புகை மொத்தமும் சமையல்காரர் முகத்தில் அடித்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்பை அணைத்தார், எங்கள் பரம்பரையையே திட்டினார். நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வெற்றியை வாங்கிப் பையில் போட்டிருப்பேன். எதற்கு இந்த வீம்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் எழுந்து வந்தான். "முளை பிடுங்கிட்டு வந்துச்சு. நீ ஓடைக்குப் போனதும் பாத்தேன். நீ தோத்துடக் கூடாதுன்னுதான் வேற எடத்துல அடிச்சு..."

"நான் தோத்திருந்தா, நான் தோத்திருப்பேன். அழுதுட்டுக் கீழ வந்திருப்பேன். அது பரவால்லங்க." அண்ணியின் குரல் அப்போதுதான் நடுங்கியது. "நீங்க கட்டினத நான் கட்டினதுன்னு நம்பி, இத்தன பேர் இதுக்குக் கீழ உக்காந்து சாப்பிடணுமா? நீங்க சாயங்காலம் போயிடுவீங்க. காத்து நாளைக்கும் அடிக்குமே. அப்ப என்ன பண்ணுவேன் நான்?"

எனக்கு எரிச்சல் இறங்கிவிட்டது. அண்ணி சொன்னது என் மண்டையில் அப்போதுதான் ஏறியது.

அவர் முதலில் தான் முளை அடித்த குழியைக் குதிகாலால் அழுத்திப் பார்த்தார். மண் பொதபொதவென்று உள்வாங்கியது. அண்ணன் அடித்த முளையையும் பிடுங்கித் தூர வைத்தார். சுற்றுமுற்றும் தேடி, மண்ணுக்கு வெளியே வளைந்து நின்ற ஒரு தடித்த வேரைக் கண்டுபிடித்தார். கயிற்றை அதில் இரட்டையாகச் சுற்றிக் கட்டினார், முறுக்கினார். காற்று ஒரு உதறு உதறியது, குச்சி கையை விட்டுச் சுழன்று விரல் முட்டியில் அடித்தது. யாரும் அருகில் போகவில்லை. அண்ணன் ஒரு அடி வைத்தான், பிறகு அவனே நின்றுகொண்டான். அண்ணி விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடி முறுக்கினார். வளையத்தை மாட்டினார். அதோடு விடாமல், கவட்டைக் கம்பு ஒன்றை எடுத்துக் கயிற்றுக்கு அடியில் சாய்வாக நிறுத்தி, அதன் அடியைக் காலால் உள்ளே உதைத்து உதைத்து நிமிர்த்தினார். கொடிக்கு முட்டுக் கொடுப்பது போலத்தான். கயிறு மேலே உயர, இருந்த கொஞ்ச நஞ்சத் தொய்வும் போயிற்று.

"இப்பப் பாருங்க சார்."

விசில் இழுத்தார். போதவில்லை என்று இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு தொங்கினார். கயிறு தாங்கியது.

"இறங்குங்க சார், வேரு பாவம்" என்றார் அண்ணி.

விசில் இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார். மனுஷன் எப்போதும் விதிமுறை பேசுகிறவர். "அக்கா, முதல்ல கட்டினது நழுவியிருக்கு. ஒண்ணு சரியில்லன்னா கீழ வந்துடறேன்னு சொன்னது நீங்கதான்" என்றார்.

"சொன்னேன். நழுவினதும் நிஜம். எடம் தப்பு, மண்ணப் பாக்காம அடிச்சுட்டேன். முடிவு உங்களோடது சார், நான் பெட்டிய இன்னும் பிரிக்கல."

விசில் தார்ப்பாயைப் பார்த்தார், புகையில் சிவந்த சமையல்காரரின் கண்களைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் லாரியில உங்க அண்ணன் மட்டும்தான் வருவாரு" என்றார். சாப்பாடு ஆகவே இல்லை, ஆனாலும் சாப்பாட்டு விசிலை ஊதினார்.

கிளம்புகிற நேரத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. நைலான் கயிறு நனைந்தால் இளகும். நான் லாரியில் ஏறி அண்ணனுக்காக ஹாரன் அடித்தேன். அவன் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பள்ளத்துப் பக்க மூலை ஒன்று தொய்ந்து, அதில் தண்ணீர் குளமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் நனைந்துகொண்டு நின்றான். கை இரண்டையும் அக்குளுக்குள் திணித்து வைத்திருந்தான்.

"இந்த மூலை தொய்யுது" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணி தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கல்லைத் தேடி எடுத்து, சிறு கயிற்றில் கட்டி, தொய்ந்த கயிற்றின் நடுவில் மாட்டித் தொங்கவிட்டார். இனி அது எவ்வளவு இளகினாலும் கல் இறங்கி இழுத்துக்கொள்ளும். தேங்கிய தண்ணீர் ஒரே கொட்டாகக் கொட்டி அண்ணனின் காலை நனைத்தது.

அவன் நகர்ந்து, அடுத்த மூலைக்குப் போக அவருக்கு வழி விட்டான்.