அடி காணாது

படம் தொடங்கியதும் மரியநாயகி எழுந்து வெளியே போய்விடுவார். எழுத்தோட்டம் முடிவதற்குள் விறாந்தைக்கு வந்து, மேற்குத் தூணோரம் இருக்கும் கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துக் காலை நீட்டி உட்காருவார். இடது உள்ளங்கையைப் பெட்டியின் முகத்தில், வட்டமான கடதாசிக் கோனின் மேல் மெல்ல வைத்துக்கொள்வார். படத்துக்கு அடி, நெஞ்சை அதிரவைக்கும் அந்தக் கனத்த சத்தம், கொடுப்பதற்கென்று வாங்கியதாகச் சனம் நினைக்கும் ஸ்பீக்கர் அது. அதன் இரண்டு வயர்களும் எதிலும் பூட்டப்படாமல் தரையில் கிடக்கின்றன.

சத்தம் போதவில்லையென்று உள்ளேயிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்.

“மாமி, அடி காணாது!”

“எனக்குத் தெரியும். பேசாமல் பாருங்கோ.”

“உந்தப் பெட்டி என்னத்துக்கு மாமி சும்மா கிடக்கு?”

“வயர் அறுந்துபோச்சு. வின்சன்ற் வந்து பாக்கிறன் எண்டவன்.”

ஒரு வருடமாக இதே பதில்தான். வின்சன்ற் வரப்போவதில்லை, வயரும் அறவில்லை.

சாவகச்சேரிச் சந்தையிலிருந்து சைக்கிளில் கால்மணி நேரம் மிதித்தால் மரியநாயகியின் வீடு. பாரிசிலிருக்கும் மகன் நல்ல காலத்தில் அனுப்பிவைத்த ரீவியும் வீடியோ டெக்கும் அங்கே உண்டு. சண்டையில் கரண்ட் நின்று மூன்று வருடமாகிறது. பின் வளவில், வாழைகளுக்கு நடுவே வெட்டிய கிடங்கில் ஒரு ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் முனகிக்கொண்டிருக்கும். புதனும் ஞாயிறும் பகல் இரண்டு மணிக்குப் படம். யன்னல்களைச் சாக்கால் மூடி இருட்டாக்கிய ஹோலில் இருபத்தைந்து பேர் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள்.

ஐம்பது வயதை எட்டும் மரியநாயகிக்குக் கொஞ்சம் பருத்த உடம்பு. கொஞ்சமும் அடங்காத வாய். தான் பார்க்காத படங்களுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லுவார். சுவருக்கு இந்தப் பக்கம் கேட்ட அழுகையையும் சிரிப்பையும் வைத்துக் கதை கட்டுவார். “கடைசியிலை அந்தப் பெட்டை சாகேல்லையோ? உவ்வளவு சிணுங்கினவள் செத்துத்தான் போவாளெண்டு நினைச்சன்” என்று வாசலில் வைத்துச் சண்டைக்கு வருவார். பார்த்தவர்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

அவர் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. படம் பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கண்டபடி கழற்றிப் போடக் கூடாது. ஒவ்வொரு சோடியும் நுனி பங்கரைப் பார்த்தபடி, வரிசையாக நிற்க வேண்டும். பனங்குற்றிகளும் மண்மூட்டைகளும் அடுக்கிய அந்தப் பதுங்குகுழி மேற்கு வேலியோரம் மாமரத்தின் கீழ் இருக்கிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட செருப்புகள் ஆளில்லாமல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதைப் புதிதாக வருகிறவர்கள் கண்டால் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வரிசையின் முதலாவதாக நீல வார் போட்ட ஒரு சோடி. அதை யாரும் போட்டுக்கொண்டு வருவதுமில்லை, போவதுமில்லை. மரியநாயகியே உள்ளேயிருந்து எடுத்து வந்து வைப்பார்.

அது பக்கத்து வளவுக் கனகாம்பிகையின் செருப்பு.

கனகாம்பிகைதான் முதன்முதலில் “அடி காணாது” என்றவர். ரீவிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் இடி இடித்தாலும் தகரம் தட்டியதாகத்தான் கேட்கும். “யானை ஓடினால் எங்கடை நெஞ்சுக்கை ஓடவேணும் மரியம், இது எலி ஓடுது” என்பார். மரியநாயகிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வரும். மலிவாக அடி ஸ்பீக்கர் ஒன்று வேண்டுமென்று சந்தையில் ரேடியோ திருத்தும் வின்சன்றிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

போன வருடம் மாசி மாதம் ஒரு ஞாயிறு. அப்போதெல்லாம் மரியநாயகியும் டெக்குக்குப் பக்கத்தில் இருந்து படம் பார்ப்பார். யானைகள் காட்டை உடைத்துக்கொண்டு ஓடும் கட்டம். வழக்கம்போல எலி ஓடிற்று. பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, நிலத்துக்குக் கீழேயிருந்து வருவதாக ஒரு கனத்த சத்தம் எழுந்தது. வயிறு அதிர்ந்தது. ஹோல் முழுவதும் கைதட்டியது.

“மாமி புதுசு வாங்கிப்போட்டா! அடியெண்டால் இதெல்லோ அடி!”

மரியநாயகியும் சிரித்தார். தான் இன்னும் ஒன்றும் வாங்கவில்லை என்பது அவருக்கு உறைக்க ஒரு மூச்சு நேரம் பிடித்தது. அது சகடை. பீப்பாக் குண்டுகளை உருட்டிவிடும் பார விமானத்துக்குச் சனம் வைத்த பெயர்.

ஜெனரேற்றர் முனகலிலும் யானைச் சத்தத்திலும் அது தலைக்கு மேல் வரும்வரை ஒருவருக்கும் தெரியவில்லை. செருப்புக் குவியலில் தடக்கி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, எப்படியோ பங்கருக்குள் போய்ச் சேர்ந்தார்கள். ஹோலில் இருந்த ஒருவருக்கும் ஒன்றுமில்லை. கனகாம்பிகை மட்டும் தண்ணீர் குடிக்கவென்று நடுப்படத்தில் எழுந்து, குவியலில் தன் செருப்பைத் தேடிப் பார்த்துவிட்டு, வெறுங்காலோடு கிணற்றடிக்குப் போயிருந்தார். குண்டு கிணற்றடியில் விழுந்தது.

அந்த ஒரு மூச்சு நேரம் சிரித்ததை மரியநாயகி பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். அது பாவமில்லை என்று பங்குச் சுவாமியார் சொல்லிவிட்டார். மரியநாயகி மாதாமாதம் போய் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கனகாம்பிகையின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு சனம் திரும்பவும் படலையைத் தட்டியது. “வராதையுங்கோ எண்டு சொன்னால் நிப்பினமே? நான் போடாட்டில் வேறை எங்கையும் போய்ப் பாப்பினம். அங்கை ஆர் வெளியிலை காவல் இருக்கிறது?” என்பது மரியநாயகியின் நியாயம். அது பாதி நியாயம்தான். மற்றப் பாதி, கனகாம்பிகையோடு இருந்து பார்த்த அந்த இரண்டு மணி நேரத்தைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை.

ஸ்பீக்கர் வேண்டாமென்று சொல்லத்தான் வின்சன்றின் கடைக்குப் போனார். ஜிம்மியும் கூடப் போயிற்று. ஜிம்மி அவருடைய நாய். முன்பெல்லாம் விமானம் வருவதை அதுதான் முதலில் அறிந்து பங்கருக்குள் ஓடும். அந்த ஞாயிறு மட்டும் விறாந்தையில் படுத்து நித்திரை கொண்டது. அந்த ஆத்திரத்தில் மரியநாயகி அதற்கு விளக்குமாற்றால் நன்றாகக் கொடுத்திருந்தார்.

வின்சன்ற் அவர் வேண்டாமென்று சொல்லி முடிக்க விடவில்லை. “ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ அக்கா” என்று பெரிய பெட்டியொன்றைப் பூட்டி, சத்தத்தை முழுக்கத் திறந்துவிட்டார். தட்டிலிருந்த, ஆணிகள் போட்ட தகரப் பேணிகள் குலுங்கின. பெட்டிக்கு முன்னால் படுத்திருந்த ஜிம்மியின் காதுமடல்கூட அசையவில்லை. வின்சன்ற் சத்தத்தை நிறுத்தி, நாயின் தலைக்குப் பின்னால் கைதட்டினார். இன்னொரு தரம் தட்டினார்.

“அக்கா, உவனுக்குக் காது கேக்கேல்லை. எப்பவோ அடிச்ச ஷெல்லிலை போயிருக்கும்.”

மரியநாயகி கீழே உட்கார்ந்துவிட்டார். “அடிச்சுப்போட்டன் வின்சன்ற். ஒண்டும் தெரியாமல் அடிச்சுப்போட்டன்” என்று அழுதார். எழும்புவதற்குப் பிடி தேடிய கை, மூலையில் ஒதுக்கிக் கிடந்த ஒரு பழைய பெட்டியில் பட்டது. கையை எடுக்கவில்லை.

“இது வேலை செய்யுதே?”

“இல்லையக்கா. வயர் ஒண்டிலையும் பூட்டேல்லை.”

“துடிக்குது.”

வின்சன்ற் சிரிக்கப் பார்த்தார். அவர் வாய் மூடுவதற்குள் ஆணிப் பேணிகள் தாமாகவே ஒருதரம் குலுங்கின. வடக்கே எங்கோ தூரத்தில் ஷெல் விழுந்த சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

“கோன் தளர்ந்த சாமான் அக்கா. கழிவு. காத்து அசைஞ்சாலும் அசையும். பாட்டுக்கு உதவாது.”

“இதைத்தான் தாரும்” என்றார் மரியநாயகி.

ரீவியின் மெல்லிய சத்தத்துக்கு அந்தப் பெட்டி அசைவதில்லை. அதனால்தான் படத்துக்கு அடி கிடையாது. ஜெனரேற்றரின் நடுக்கம் அதில் எப்போதும் இருக்கும். அது அவருடைய கைக்குப் பழகிவிட்டது. “அது மோட்டர். அதுக்குள்ளை வேறை ஒண்டு வந்தால் எனக்குத் தெரியும்” என்பார். விமானம் வருகிறதென்று இரண்டு தடவை பிழையாகத் தெரிந்து படத்தை நிறுத்தியதில் சனம் முணுமுணுத்தது. மூன்று தடவை சரியாகத் தெரிந்திருக்கிறது.

ஜிம்மிக்கு அந்தப் பெட்டியில் தாடையை வைத்துப் படுப்பது பிடித்துப் போயிற்று. “தள்ளிப் படுடா, என்ரை வேலையைக் கெடுக்காதை” என்று தள்ளிவிடுவார். அது திரும்ப வந்து வைக்கும்.

போன ஞாயிறும் அப்படித்தான் படுத்திருந்தது. உள்ளே படம் முடிகிற கட்டம். இருபத்தைந்து பேரும் மூச்சுக் காட்டவில்லை. ஜிம்மி தலையைத் தூக்கியது. எழுந்து நின்றது. பிறகு செருப்பு வரிசையைத் தாண்டி, திரும்பிப் பாராமல், பங்கருக்குள் இறங்கியது.

மரியநாயகி உள்ளங்கையை அழுத்தினார். மோட்டர் நடுக்கம் மட்டும்தான். காதைக் கொண்டுபோய் வைத்தார். வேறொன்றுமில்லை. வானம் வெறும் நீலமாகக் கிடந்தது. இன்னுமொரு பிழை விட்டால் சனம் தன்னை நம்பாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தூணில் இருந்த ஜெனரேற்றர் சுவிச்சை அடித்தார்.

ரீவி அணைந்தது. பின் வளவில் ஜெனரேற்றர் இருமி ஓய்ந்தது. உள்ளேயிருந்து ஒரு முனகல் எழுந்து, தானாக அடங்கியது. எங்கும் ஒரு சத்தமுமில்லை. மரியநாயகி திரும்பவும் கையைக் கோனில் வைத்தார். மோட்டர் நின்றுவிட்டது. பெட்டி இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

“எழும்புங்கோ” என்றார், மெதுவாக.

ஒவ்வொருவராக வந்து, குனியாமலே செருப்புக்குள் காலை நுழைத்து, மாமரத்தின் கீழே இறங்கினார்கள். இருபத்தைந்தும் எண்ணி முடித்தபின் மரியநாயகி நடந்தார். படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பி வந்து, வரிசையில் மிஞ்சியிருந்த நீல வார்ச் செருப்பு இரண்டையும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.