பின்னால் போகக் கூடாத பஸ்

செர்னோவெட்ஸ் ஊரில் போய் நைடென் கிளிசாரொவ் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ரிவர்ஸ் நைடென் என்று கேட்டால் கைக்குழந்தையும் வழி காட்டும். எங்கள் கால்பந்து கிளப்பின் பஸ்ஸை ஓட்டியவர் அவர். ஆட்டத்துக்குப் போகிற வழியில் ஒரு தடவை பஸ்ஸைப் பின்னால் எடுத்தார். அன்றைக்கு நாலு கோல் வாங்கித் தோற்று, முதல் டிவிஷனைவிட்டே இறங்கினோம். அந்த நாலையும் விட்ட கோல்கீப்பரை ஊர் மன்னித்துவிட்டது. ஓட்டுநரை மன்னிக்கவில்லை.

ஆட்டக்காரர்கள் ஏறிய பஸ் பின்னால் போனால் தோல்வி நிச்சயம் என்பது இந்த நாட்டுக் கால்பந்துக்காரர்களின் மதம். சர்ச்சுக்குப் போகாதவன்கூட இதை நம்புகிறான். வெளிநாட்டில் கோச் படிப்பு படித்துச் சான்றிதழோடு திரும்பியவன் இன்னும் கொஞ்சம் அதிகமாக நம்புகிறான். பரிகாரமும் உண்டு. எல்லாரும் கீழே இறங்கிவிட வேண்டும், காலி பஸ் பின்னால் போக வேண்டும், பிறகு ஏறிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் கணக்கில் சேராது. ஒருவன் உள்ளேயே தூங்கிவிட்டால் சேருமா, மசாஜ்காரரும் இறங்க வேண்டுமா என்பதையெல்லாம் ஒரு குளிர்காலம் முழுக்க விவாதித்தார்கள். அதே குளிர்காலத்தில் கார்னர் கிக்கைத் தடுப்பது எப்படி என்று ஒரு நாள் பேசியிருந்தால் ஏழெட்டுப் புள்ளி கூடியிருக்கும்.

நான் கிளப்பின் இணையப் பக்கத்துக்குச் செய்தி எழுதுகிறவன். பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னாலிருக்கும் சீட் என்னுடையது. யாரும் என்னிடம் பேசுவதில்லை. அதனால் எல்லாம் காதில் விழும்.

ஒரு தடவை கிளப்பின் சரித்திரத்தை எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்துப் பார்த்தால் வெறும் பெயர் மாற்றங்கள்தான் மிஞ்சின. முப்பதுகளில் இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளிகள் ஆரம்பித்தபோது கோவாச், அதாவது கொல்லன். போருக்குப் பிறகு கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக்கு வந்தது. ராணுவத்துக்கு ஒரு கிளப், உள்துறைக்கு ஒன்று, ரயில்வேக்கு ஒன்று என்று நாட்டின் கால்பந்தைப் பங்குபோட்டபோது நாங்கள் சிவப்பு உலை ஆனோம். எண்பத்தைந்தில் கோப்பை இறுதியாட்டத்தில் அடித்துக்கொண்டதற்காக தலைநகர் சோபியாவின் இரண்டு பெரிய கிளப்புகளின் பெயரையே கட்சி மாற்றியது. பெயரை மாற்றினால் கால் திருந்திவிடும் என்று மேலிடமே நம்பிய நாட்டில் நாங்கள் எம்மாத்திரம். கட்சி போனபின் தாதாக்களாகிவிட்ட, கழுத்தே இல்லாத முன்னாள் மல்யுத்தக்காரர்கள் எங்களை வாங்கி, ஒரு பெட்ரோல் பங்கின் பெயரைச் சூட்டி, திவாலாக்கிவிட்டுப் போனார்கள். பக்கத்துக் கிராமத்து அணியின் உரிமத்தை வாங்கிக்கொண்டு பிழைத்தோம். இப்போது மறுபடியும் கோவாச். பாரம்பரியம் தெரியட்டும் என்று பெயருக்குப் பின்னால் கிளப் ஆரம்பித்த வருஷத்தையும் ஒட்டிக்கொண்டோம்.

தலைவர் காமென், மூடிக்கிடந்த வார்ப்பாலையைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டவர். அந்தக் காசில் வார்ப்பாலையின் கிளப்பை வாங்கினார். ஊர் எழுந்து நின்று கைதட்டியது. தொண்ணூற்றுநாலில் அமெரிக்காவில் நாடு உலகக் கோப்பையில் நாலாவதாக வந்தது. அதில் எங்கள் ஊர்க்காரன் ஒருவனும் கிடையாது. ஆனாலும் நாற்பது தாண்டிய ஒவ்வொருவனும் கடைசி பாஸைத் தானே கொடுத்தவன்போல அந்தக் கோடையை இன்னும் மென்றுகொண்டிருக்கிறான், சூரியகாந்தி விதையோடு சேர்த்து.

இப்படிப்பட்ட ஊரில்தான் நைடென் பஸ் ஓட்டினார். முதல் தடவை நடந்தது இவ்வளவுதான். ஓட்டல் வாசலில் குப்பை லாரி வழிமறித்து நின்றது. இரண்டு கை நீளம் பின்னால் எடுத்து ஒதுங்கிப் போனார். ஆட்டத்தில் கோல்கீப்பர் ஸ்வெட்லினின் காலிடுக்கு வழியாகப் பந்து பூனை மாதிரி நுழைந்து போனது. முந்தின நாள் அவன் எவ்வளவு குடித்தான் என்பது ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவன் வரைக்கும் தெரியும். ஆனால் திரும்பி வருகிற வழியில் பின்சீட்டிலிருந்து ஒரு குரல், ரிவர்ஸ் எடுத்தப்பவே நெனச்சேன் என்றது. பஸ் முழுக்க ஒரு நிம்மதிப் பெருமூச்சு. பதினொரு பேர் தூக்க வேண்டியதைத் தூக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டான்.

அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். முடிதிருத்துகிறவர் இவருடைய முறை வந்ததும் கடையைச் சாத்தினார். மனைவி ஜிவ்காவுக்குக் கசாப்புக் கடையில் எலும்பை மட்டும் நிறுத்துப் போட்டார்கள். ஐந்து வருஷம் ரொட்டி வேன் ஓட்டினார். அந்த ஐந்து வருஷத்தில் ஸ்வெட்லின் காலணியைக் கழற்றிவிட்டு கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பவனாகப் பதவி உயர்ந்தான்.

கிளப் மறுபடி முதல் டிவிஷனுக்கு ஏறியபோது ஓட்டுநர்கள் யாரும் வேலையில் நிற்கவில்லை. காமென் சம்பளத்தை வாய்வார்த்தையாகவே கொடுக்கிறவர். வேறு வழியில்லாமல் நைடெனைக் கூப்பிட்டனுப்பினார்கள். வேறு ஒருவராக இருந்தால் காறித் துப்பியிருப்பார். இவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. காரணம் தெரிந்தபோது இன்னும் தாங்க முடியவில்லை. அந்தத் தோல்விக்குத் தான்தான் காரணம் என்று அவரே நம்பினார். ஒரு முழு சீசன் ரிவர்ஸ் எடுக்காமல் ஓட்டி, கிளப்பை முதல் டிவிஷனிலேயே நிறுத்திவிட்டால் பழி கழிந்துவிடும், ஊர் தன்னை மறுபடி மனுஷனாகப் பார்க்கும் என்று நினைத்தார். ஜிவ்கா அவரிடம் என்ன சொல்லியும் ஏறவில்லை. வெளியூர் ஆட்டம் என்றால் ஓய்வு நாளில் சொந்தக் காரில் அங்கே போய் எந்தச் சந்து அகலம், எந்த வாசலில் வட்டமடிக்கலாம் என்று பார்த்து வருவார். ஊருக்குத் திரும்பியதும் கிளப் முற்றத்தில் பஸ்ஸைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, முகம் வாசலைப் பார்க்க நிறுத்துவார், அடுத்த ஆட்டத்தன்று நேரே வெளியே வர. ஆள் இல்லாத பஸ்ஸுக்குத் தோஷம் கிடையாது.

கடைசி ஆட்டம் வரைக்கும் அப்படியே போயிற்று. டிரா செய்தால் போதும், நிலைப்போம். எதிரணி ஒரு மலைக்கிராமத்தின் கிளப். பணக்காரன் ஒருவன் தன் சொந்தக் கிராமத்துக்கு முதல் டிவிஷனை வாங்கிக் கொடுத்திருந்தான். மைதானத்துக்குக் கடைசி அரை கிலோமீட்டர் இரண்டு பக்கமும் கல்சுவர் வைத்து மேடேறுகிற சந்து. நைடென் முன்பே வந்து பார்த்து வைத்திருந்தார். பார்த்தபோது லாரி இல்லை.

அன்று இருந்தது. அகேசியா பூக்கிற காடுகளுக்குத் தேன்பெட்டிகளை ஏற்றிப் போகிற லாரி, அச்சு முறிந்து சந்தின் குறுக்கே கிடந்தது. இரண்டு பெட்டிகள் விழுந்து உடைந்திருந்தன. தேனீக்காரர் முகத்தில் வலையை மாட்டிக்கொண்டு சுவர்மேல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் பஸ்ஸின் கண்ணாடியெல்லாம் தேனீ.

முன்னால் வழி இல்லை. பின்னால் நூறு மீட்டர் போனால் கூட்டுரோடு, அங்கிருந்து சுற்றுப்பாதை. பரிகாரப்படி எல்லாரும் இறங்க வேண்டும். கதவைத் திறந்தாலே தேனீ. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் ஆட்டம் தோற்றதாக எழுதிவிடுவார்கள். அப்புறம் இரண்டாம் டிவிஷன்தான்.

முப்பது பேர் இருந்தோம். என்ன செய்ய வேண்டும் என்று முப்பது பேருக்கும் தெரியும். ஒருவனும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொன்னவன் தலையில் விழும் என்பதும் முப்பது பேருக்கும் தெரியும். கேப்டன் ஷூ லேஸைக் கழற்றி மறுபடி கட்டினான். ஸ்வெட்லின் கண்ணை மூடிக்கொண்டான். தூக்கமாம். கோச் வெலிச்கோ ஜன்னலைப் பார்த்தபடி பொதுவாகப் பேசினார்.

"வண்டி விஷயம் டிரைவருக்குத்தான் தெரியும். நைடென் அண்ணனுக்கு நான் என்னத்த சொல்லித் தர்றது."

"என்ன செய்யணும்னு சொல்லுங்க கோச்."

"போகணும். அவ்வளவுதான். எப்படிப் போகணும்னு நான் சொல்ல முடியுமா? நான் கோச்சு."

நைடென் தலைவருக்குப் போன் போட்டார். காமென் தன் ஜீப்பில் முன்பே போய் மைதானத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் கேட்கட்டும் என்று நைடென் ஸ்பீக்கரில் வைத்தார். லாரி, தேனீ, சந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பின்னால எடுக்கவா தலைவரே என்று கேட்டார். இங்க சிக்னல் சரியில்ல, ஒண்ணும் கேக்கல என்றார் தலைவர். அவ்வளவு தெளிவான குரலை நான் போனில் கேட்டதே இல்லை.

நைடென் எஞ்சினை அணைத்தார். சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"யாராவது ஒருத்தர் வாயத் தெறந்து எடுன்னு சொல்லுங்க. எடுக்கறேன். போன தடவ மாதிரி நானா எடுக்கமாட்டேன்."

யாரும் வாயைத் திறக்கவில்லை. முதல் டிவிஷனின் கதி, ஒரு ஊரின் மானம் என்று வாரம் முழுக்க நெஞ்சில் அடித்துக்கொண்ட வாய்கள். பஸ்ஸுக்குள் வெயில் ஏறியது, வியர்வை நாற்றம் ஏறியது. அவர் முகத்தில் அப்போது கோபம் இல்லை. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளைகளைப் பார்ப்பதுபோல ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நானும் கீழே பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் எழுந்தவன் எவெர்டன், பிரேசில்காரப் பையன். தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அன்றைக்கு சைப்ரஸிலிருந்து ஒரு கிளப்பின் ஆள் தன்னைப் பார்க்க வருவதாக அவனுடைய ஏஜென்ட் சொல்லியிருந்தான். ஆட்டம் நடக்காவிட்டால் அவனுக்கு நஷ்டம்.

"அண்ணே, பின்னால. போலாம். மேட்ச் இருக்கு."

பஸ்ஸே மூச்சு விட்டது. பழியை ஏற்றுமதி செய்ய ஆள் வந்துவிட்டான். ஏய், அவன்தாண்டா சொன்னான், எல்லாரும் கேட்டுக்கங்க என்று கேப்டன் முணுமுணுத்தான். நைடென் சாவியைப் போட்டார். நூறு மீட்டர், இரண்டு பக்கமும் கல்சுவர், கண்ணாடியில் தேனீ. ஒரு கீறல் இல்லாமல் வந்தது பஸ்.

நடந்ததை ஆட்டம் என்று சொன்னால் பந்து கோபித்துக்கொள்ளும். எதிரணிக்கு ஜெயித்தாலும் ஒன்றுதான், தோற்றாலும் ஒன்றுதான். எங்களுக்குப் பயம். பந்து நடுவட்டத்தில் பாதி நேரம் அனாதையாகக் கிடந்தது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். நிலைத்துவிட்டோம். 'வீரமிகு போராட்டம்' என்று நான்தான் எழுதினேன், சம்பளத்துக்கு.

திரும்பும் வழியில் சாலையோர உணவகத்தில் விருந்து. சுட்ட கெபாப்சே இறைச்சியும் ராக்கியா சாராயமும் வந்துகொண்டே இருந்தன. காமென் எழுந்து நின்று, போனில் தைரியமாக முடிவெடுத்து ரிவர்ஸ் எடுக்கச் சொன்னது தானே என்றார். கைதட்டினார்கள். இனிமேல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளம்புமுன் பஸ் கொஞ்சம் பின்னால் போய்விட்டுத்தான் கிளம்ப வேண்டும், அதுதான் நமக்கு ராசி என்றும் அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள். நைடெனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்கள்.

நைடென் குடிக்கவில்லை, வண்டி ஓட்ட வேண்டும். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இன்னிக்கு ரிவர்ஸ் எடுத்ததால நின்னுட்டோம். சரி. அப்ப ஆறு வருஷத்துக்கு முன்னாடி எதனால எறங்கினோம்?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். அது ஒங்க தப்பு இல்லண்ணே என்று. அதைச் சொல்ல யாருக்கும் காசு செலவாகாது. வெலிச்கோ வாயைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அது வேற ரிவர்ஸ்ண்ணே. அது சமதரை. இது மேடு."

தலைகள் ஆமோதித்தன. மேடுன்னா பலன் மாறும் என்றார் மசாஜ்காரர். பழசை எதுக்குண்ணே கிளறிக்கிட்டு, சாப்பிடுங்க என்று கெபாப்சே தட்டை நகர்த்தி வைத்தவன் ஸ்வெட்லின்.

நைடென் அவனைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் முதல் முறையாகப் பார்க்கிறவர்போல. அந்தப் பெரிய, சோம்பலான கைகளைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் ஊர் கொண்டுவந்து சேர்த்தார்.

கிளப் முற்றத்தில் அன்று பஸ்ஸைப் பின்பக்கமாக விடவில்லை. நேராக உள்ளே ஓட்டி, வார்ப்பாலையின் மிச்சச் சுவரை மூக்கு தொடும்படி நிறுத்தினார். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

இப்போது அந்த பஸ் வெளியே வர வேண்டுமானால் முற்றம் முழுக்க ரிவர்ஸிலேயே வர வேண்டும். ஆள் இல்லாத பஸ்ஸுக்குத் தோஷம் கிடையாது என்பது பழைய சட்டம். ரிவர்ஸே ராசி என்பது புதிய சட்டம். அப்படியானால் ஆள் இல்லாமல் எடுத்தால் ராசி வீணாகிவிடுமா? முற்றம் சமதரை வேறு. இரண்டு கூட்டம் போட்டார்கள். சாவியைத் தொட ஒருவனும் துணியவில்லை. புது சீசனின் முதல் ஆட்டத்துக்கு வாடகை பஸ்ஸில் போய் மூன்று கோல் வாங்கி வந்தோம். பஸ் சுவரைப் பார்த்து நிற்பதால்தான் தோற்றோம் என்று ஊரில் பேச்சு.

வெலிச்கோவும் கேப்டனும் நைடெனின் வீட்டுக்குப் போனார்கள். செய்தி எழுத வேண்டுமே என்று என்னையும் கூட்டிப் போனார்கள். அவர் தோட்டத்தில் தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஜிவ்கா எங்களுக்கு நாற்காலி போடவில்லை. நீங்க வந்து ஒரு தடவ எடுத்து விட்டாப் போதும், உங்க கைதான் ராசி என்று கோச் குழைந்தார்.

நைடென் முடிச்சைப் போட்டு முடித்தார். நிமிரவில்லை.

"நாலு கோல் விட்டவன் உங்ககூடத்தானே இருக்கான். அவன எடுக்கச் சொல்லுங்க. தோத்தா யாரால தோத்தீங்கன்னு அப்பவாச்சும் தெரியும்."

வாசலுக்கு வந்ததும் வெலிச்கோ காரின் கதவை ஓங்கிச் சாத்தினார். பேர் திரும்பக் கிடைச்ச உடனே திமிர் வந்துருச்சு பாரு என்றார். கேப்டன் ஆமாம் என்றான். தோட்டத்திலிருந்து ஜிவ்காவின் சிரிப்பு கேட்டது. நைடென் அடுத்த செடிக்குப் போயிருந்தார்.