கோயில்பிள்ளை பூட்டிவிட்டுப் போன கதவு

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் எந்த ‘ல’ போடுவது என்று இன்றைக்கும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கொத்தனார். கொல்லிமலை அடிவாரத்தில் வீடு. ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் கடையை மூடும்போது அவரிடம் ஒரு பழைய ஃபிலிம் கேமரா வாங்கினேன். வேலை இல்லாத நாளில் பஸ் ஏறிப் போய்ப் பழைய மாதா கோயில்களைப் படம் எடுப்பேன். நான் கும்பிடுகிற சாமி வேறு. கம்பியும் சிமெண்டும் இல்லாமல் வெறும் சுண்ணாம்பில் கட்டிய வளைவு எப்படி நிற்கிறது என்று பார்க்கப் போய், அப்படியே பழகிவிட்டது. “செல்லுல எடுத்தா ஆகாதா?” என்று என் மனைவி கேட்பாள். செல்லில் எடுத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஃபிலிமில், இருட்டான கோயிலுக்குள் எட்டு நிமிஷம் யாரோடும் பேசாமல் நிற்கலாம். இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

அன்றைக்கு மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊரில் இருக்கும் மாதா கோயிலுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பன்னிரண்டேகால் பஸ்ஸில் இறங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

கோயிலைத் திறந்து பூட்டி மணி அடிக்கிற கோயில்பிள்ளை நல்ல மனிதர். வாசலிலேயே ஒன்று சொன்னார். “அந்தக் கயித்தை மட்டும் தொட்டுராதீங்க. நேரங்கெட்ட நேரத்துல மணி கேட்டா, யாரோ செத்துட்டாங்கன்னு காட்டுல இருக்கிற சனம் பூரா ஓடியாந்துரும்.”

கதவைத் திறந்தால் வெளிச்சம் உள்ளே பாய்ந்து படம் கெட்டுப்போகும். அதனால் நான்தான் கேட்டேன், “எட்டு நிமிசம் வெளியில பூட்டிக்கிறீங்களா?” சிரித்துக்கொண்டே பூட்டினார்.

கேமரா ஷட்டரைத் திறந்து மூன்று நிமிஷம் இருக்கும். வெளியே பைக் வந்து நின்றது. “ஜெபம் பண்ண உடனே வாங்க, அப்பனுக்கு மூச்சு இழுக்குது” என்று ஓர் ஆள் பதறினார். “வாரேன், வாரேன்” என்றது கோயில்பிள்ளையின் குரல். பைக் போய்விட்டது. சாவியும் அவரோடு போனது. அப்போதே நான் கத்தியிருக்கலாம். படம் முடியட்டும் என்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எட்டு நிமிஷம் முடிந்தது. கதவைத் தள்ளினேன், அசையவில்லை. செல்லில் சிக்னல் இல்லை. ஜன்னல்கள் என் தலைக்கு மேலே இரும்புக் கம்பியோடு இருந்தன. பெஞ்சில் ஏறிப் பார்த்தேன். வெளியே முற்றத்தில் மூன்று பெண்கள் மிளகு உதிர்த்துக்கொண்டு பேசினார்கள்.

“காலையில ஒரு கேமராக்காரர் வந்தாரே, எங்க போனாருக்கா?”

“கோயிலு பூட்டியிருக்குது. போயிருப்பாரு.”

“வழி கேட்டாரு பாரு, என் மூஞ்சியப் பாக்காம அந்தப் பலாமரத்தப் பாத்துக் கேட்டாரு. மரம் சொல்லட்டும்னு சும்மா நின்னுட்டேன்.”

“ஏன்டி, பாவம்.”

“அந்த மாதிரி வாயில்லாத ஆளு ஒண்ணு எனக்குக் கெடச்சிருந்தா நான் சாமிக்குப் பொங்க வெச்சிருப்பேன்.”

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். “ஏனுங்க” என்று ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன். இவ்வளவு நேரம் உள்ளே நின்று ஒட்டுக்கேட்டான் என்று நினைப்பார்களே என்று மூடிக்கொண்டேன். நேரம் ஆக ஆக, கூப்பிடுவது இன்னும் கஷ்டமானது. பன்னிரண்டேகால் பஸ் ஹாரன் அடித்துவிட்டு வளைவில் இறங்கிப் போனது. பெண்களும் மிளகை அள்ளிக்கொண்டு போனார்கள்.

மணிக்கயிறு கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. இரண்டு தடவை அதைப் பிடித்தேன். இழுத்தால் ஊரே ஓடிவந்து கதவைத் திறக்கும், எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அதை நினைத்ததும் கயிற்றை விட்டுவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நிற்கப்போகிற மகளை நினைத்தேன். அப்போதும் எழுந்திருக்கவில்லை.

மூன்றரை மணிக்குக் கோயில்பிள்ளை ஓடிவந்தார். தலையில் அடித்துக்கொண்டார். “மறந்தே போச்சுங்க! அந்தப் பெரியவரு பொழைச்சுக்கிட்டாரு. ஏனுங்க, ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?”

எதையாவது சொல்ல வேண்டுமே. “மணியடிச்சா, தனக்குத்தான் அடிக்கிறாங்கன்னு நெனச்சு அந்தப் பெரியவரு உசுர விட்டுருவாரோன்னு...” என்றேன். அந்த நிமிஷம் வரை அது எனக்குத் தோன்றவேயில்லை. கோயில்பிள்ளை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

நான் வீடு சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் போய்விட்டிருந்தார்கள். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளிடமும் அதையே சொன்னேன். அழுதுகொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். மறுநாள் அவளே தரகருக்குப் போன் போட்டு, “எங்கப்பா ஒரு உசுருக்காகத்தான் வரலீங்க” என்று சொன்னாள். அடுத்த வாரம் அவர்கள் மறுபடியும் வந்தார்கள். “இப்பேர்ப்பட்ட மனுசன் ஊட்டுல பொண்ணெடுக்கக் குடுத்து வெச்சிருக்கணும்” என்று சம்பந்தி எழுந்து நின்று கும்பிட்டார். அன்றைக்கு எடுத்த படத்தைக் கேட்டு வாங்கி, பெரிதாக்கி, அவர் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். யார் வந்தாலும் அதைக் காட்டி அந்தக் கதையைச் சொல்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன். அதையும் அடக்கம் என்கிறார்கள்.

கோயிலிலாவது வெளியிலிருந்து திறக்க ஓர் ஆள் வந்தார். இந்தப் பொய்யைத் திறந்துவிட யாரும் வரமாட்டார்கள்.

கண்ணு, நான் எந்தப் பெரியவரையும் நினைக்கவில்லை. மூன்று பெண்களைக் கூப்பிடக் கூச்சப்பட்டுத்தான் உன்னை அன்றைக்குத் தனியாக நிற்க வைத்தேன். இதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். கல்யாணப் பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. நேரில் சொல்ல நாலு தடவை உன்னிடம் வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனேன். அதனால்தான் எழுதினேன். நீ வேலைக்குக் கிளம்புவதற்கு முன் உன் சாப்பாட்டுப் பையில் வைத்துவிடுகிறேன்.

ஆடி மாதம் இருபத்தி இரண்டாம் தேதி, காலை.