போகாத வளையம்

பழைய கார் விற்கும் அந்த யார்டில் எல்லோருக்கும் அவள் பாலிஷ் அக்காதான். அவளைவிட வயதில் மூத்த முதலாளியும் கூச்சமே இல்லாமல் அப்படித்தான் கூப்பிடுவார். ஐம்பதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், மறந்துவிட்டேன் என்பாள். அதற்கு மேல் யாரும் தோண்டுவதில்லை.

வெட்டவெளியில் நிற்கும் கார்களின் மேல் மழையும் குழாய்த் தண்ணீரும் விழுந்து வெயிலில் காயும். தண்ணீர் போய்விடும், அதிலிருந்த உப்பு மட்டும் வட்டம் வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். வாங்க வருகிறவன் எஞ்சினைப் பார்க்கிறானோ இல்லையோ, அந்த வட்டங்களைப் பார்த்து முகம் சுளிப்பான். அவற்றைப் போக்குவது அவள் வேலை. காரைத் தகரக் கொட்டகை நிழலுக்குக் கொண்டுவந்து கழுவி, தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்துக் கறையின் மேல் போட்டுவைப்பாள். கறை ஊறியதும் துடைத்து, மறுபடி கழுவி, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பாள். பெயிண்டையே அரித்துவிட்ட கறைக்கு மட்டும்தான் பாலிஷ் மெஷின். எடுத்த எடுப்பிலேயே மெஷினைத் தூக்குகிறவன் சோம்பேறி என்பது அவள் கட்சி.

கொட்டகையில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அதனால் கார்களோடு பேசுவாள். எங்கடி போய் இப்படி நனைஞ்சுட்டு வந்தே என்று அதட்டுவாள். வீட்டுக்குப் போனால் அதட்டக்கூட ஒன்றும் இல்லை. டிவியைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவாள்.

அப்போதுதான் அந்தக் கறுப்புக் கார் வந்தது. வெள்ளைக் காரில் ஒளிந்துகொள்ளும் கறையெல்லாம் கறுப்பில் பல்லைக் காட்டும். பாடுபட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள், பானெட்டில் ஒரே ஒரு வளையத்தைத் தவிர. வினிகர் போட்டாள், போகவில்லை. மெஷினை வைத்தாள், போகவில்லை. விளக்கை நகர்த்தினால் அந்த இடத்திலும் ஒரு வளையம். பானெட் முழுக்கவே கெட்டுக்கிடக்கிறது என்று அவளுக்கு வீம்பு ஏறிவிட்டது. விடாமல் தேய்த்தாள். கடைசியில், நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் பூச்சு தேய்ந்துபோய், உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிவிட்டது.

முதலாளி வந்து பார்த்தார். இந்த வளையம் போகவே மாட்டேங்குது என்று சொல்லிவிட்டு, வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றாள். அவர் விளக்கை வாங்கி, குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த வளையம்க்கா? இங்க ஒண்ணுமே இல்லையே."

அவள் மெல்லத் தலையைத் தூக்கி, கொட்டகையில் தொங்கிய பல்பைப் பார்த்தாள். அதைச் சுற்றியும் அதே வளையம் இருந்தது.

கண்புரை என்றார் டாக்டர். சின்ன ஆபரேஷன்தான், அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் கூட ஒரு ஆள் வந்தே ஆக வேண்டும், தனியாக வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். முதலாளியோ, கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு வந்த பிறகுதான் மெஷினைத் தொட வேண்டும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். கண்ணில் கத்தி வைப்பது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கூட வரும் ஆளை எங்கே போய்த் தேடுவது என்பதுதான் மலையாகத் தெரிந்தது.

தூரத்தில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்தாள். பையனுக்குப் பரீட்சை, அடுத்த மாதம் பார்க்கலாமே என்றாள் தங்கை. அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லி இவள் போனை வைத்துவிட்டாள். முதலாளியைக் கேட்டிருந்தால் வந்திருப்பார். அவர் காரையும் பாழாக்கிவிட்டு அவரையே துணைக்கும் கூப்பிடவா என்று நாக்கு எழவில்லை. போனில் இருந்த மற்ற பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிளம்பர், எலக்ட்ரீஷியன், கேஸ்காரர். வீட்டில் ஏதாவது உடைந்தால் ஓடி வருவார்கள். அவளுக்காக வர அதில் ஒருவர்கூட இல்லை.

ஆபரேஷன் நாளில் வாடகைக் கார் பிடித்துப் போனாள். ஆஸ்பத்திரி வாசல் நெருங்கும்போது டிரைவரிடம் கேட்டேவிட்டாள்.

"தம்பி, உள்ள வந்து கொஞ்ச நேரம் என் தம்பியா உக்காருவியா? வெயிட்டிங் காசு குடுத்துடறேன்."

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "மதியம் ஏர்போர்ட் சவாரி இருக்குக்கா. அதுக்குள்ள முடிஞ்சிடுமா?"

முடிந்துவிடும் என்றாள். அவளுக்கு என்ன தெரியும்?

கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டதும், தம்பி என்று கூசாமல் சொன்னான். அவளுடைய பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கூடப் பிறந்தவன்கூட அவ்வளவு பாந்தமாக உட்கார்ந்திருக்க மாட்டான்.

அவள் முறை வர நேரமாகிவிட்டது. ஆபரேஷன் வலிக்கவில்லை. முடிந்ததும் பக்கத்து அறையில் உட்காரவைத்து, மூடிய கண்ணுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே நர்ஸ் சொன்னாள்:

"உங்க தம்பி பாவம்மா. அக்கா வந்தாச்சா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு கதவுகிட்டயே நிக்கிறாரு. எத்தனை தடவை கேட்டுட்டாரு தெரியுமா?"

அவன் எதற்காகக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். ஏர்போர்ட் சவாரி கைநழுவிக்கொண்டிருந்தது. இருந்தாலும், அவளுக்காக ஒருவர் கதவருகே நிற்கிறார் என்று இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"அவன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்மா," என்றாள். "எனக்கு ஒண்ணுன்னா தாங்க மாட்டான்."