இடது கையால் சொன்ன பொய்

போன வருஷம், கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு நால்ரோடு. விசைத்தறிக் கூலியை ஏற்றிக்கொடுக்கச் சொல்லி உட்கார்ந்திருந்தோம். சத்தியமாக உட்கார்ந்துதான் இருந்தோம் பாஸ். கல் இல்லை, கட்டை இல்லை. பாதிப் பேர் பொரி தின்றுகொண்டிருந்தார்கள். பி.இ. முடித்துவிட்டு வெட்டியாக இருந்த நானும் அப்பா அம்மாவுடன் போயிருந்தேன்.

அவர்கள் இரண்டு பேரும் தறி ஓட்டுகிறவர்கள். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் கையாலேயே பேசிக்கொள்வார்கள். இழை அறுந்தது, டீ வந்தது, சொந்தக்காரர் வந்து கழுத்தறுக்கிறார்... எல்லாவற்றுக்கும் சைகை உண்டு.

'கலைஞ்சு போங்க' என்று மைக்கில் சொன்ன வாய் மூடவில்லை, லத்தி இறங்கியது. என் மண்டைக்கு வந்த அடியை அப்பா கையை நீட்டி வாங்கினார். வலது மணிக்கட்டு பொசுக்கென்று வீங்கிவிட்டது. எங்கள் வீட்டுச் சோறே அந்தக் கைதான். அதற்குள் அம்மாவை மற்ற பெண்களோடு போலீஸ் வேனில் ஏற்றிவிட்டார்கள்.

"அம்மாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு, பயந்துக்குவா" என்றார் அப்பா.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேன் ஜன்னலில் அம்மா. அடி பட்டதா என்று கையால் கேட்டார். அப்பா வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று இடது கையை ஆட்டினார்.

முடிந்தது கதை. அவர் இடது கையால் பேசி அம்மா பார்த்ததே இல்லை.

"ஏனுங்க, கதவத் தொறங்க! என்ற ஊட்டுக்காரரு கைய ஒடச்சுப்போட்டீங்களே, நல்லாருப்பீங்களா நீங்க?" என்று வேனுக்குள்ளிருந்து கத்தினார் அம்மா. அடித்தவர்களையும் 'ங்க' போட்டுத் திட்டுகிற ஊர் எங்களுடையது! வேனே சேர்ந்து கத்தியது. ஒரு பெண் போலீஸ் யாரையும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

அம்மா ஓடி வந்தார். "இடது கையில பொய் சொன்னா எனக்குத் தெரியாதுங்களா?" கீழே மிதிபட்டுக் கிடந்த காடாத்துணி பேனரைக் கிழித்து, கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். பேனரில் இருந்த 'கூலி' என்ற எழுத்து மட்டும் அப்பாவின் நெஞ்சில் தெரிந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். "கேட்டது கெடச்சுப்போச்சு அம்மணி."

"வாய மூடிட்டு நடங்க" என்ற அம்மா, அழுதுகொண்டே சிரித்தார்.

எலும்பு கூடிவிட்டது, கூலி இன்னும் ஏறவில்லை. 'நியாயம் கேட்டா அடிதான் விழும், உனக்கெதுக்கு வம்பு' என்று யாராவது அட்வைஸ் பண்ணினால், நடுரோட்டில் திட்டிக்கொண்டே கட்டுப்போட்ட அம்மாவும், வாங்கிக்கொண்டே நின்ற அப்பாவும்தான் கண்ணில் வருகிறார்கள். இந்த ஜோடிக்காக இன்னொரு தடவை போய் உட்காராவிட்டால் நானெல்லாம் என்ன ஆளு?