கரிசல் வெடிப்பில் கவிழ்த்த இரண்டு குடம்

கோடை மத்தியானத்தில் கரிசல் வெடிப்பின் மேல் குனிந்தால், சுட்ட மண் வாடையோடு வெக்கை மூஞ்சியில் அடிக்கும். திருச்சுழிப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த புஞ்சையில், ஆட்டின் கால் இறங்கி மாட்டிக்கொள்ளும் அகலத்துக்கு வெடிப்புகள் கிடந்தன. என் கோலிக்குண்டுகளை விழுங்குவதைத் தவிர அவற்றின் மீது எனக்கு வேறு புகார் இல்லை, ஆறாம் வகுப்பில் எரிமலைப் பாடம் வரும்வரை.

பூமிக்கடியில் பாறை உருகிக் குழம்பாகக் கிடக்கிறது, அது கெட்டிக் குழம்பென்றால் உள்ளே சிக்கிய வாயு போக வழியில்லாமல் முட்டி முட்டி ஒருநாள் மலையின் தலையையே பிய்த்தெறிகிறது, சாம்பல் ஊர்களை மூடி ஆற்றின் போக்கை மாற்றுகிறது, வயிறு காலியான மலை சரிந்து பெரும்பள்ளமாகி ஏரி தேங்குகிறது என்றெல்லாம் சொன்ன வாத்தியார், போகிற போக்கில், கரிசலும் எரிமலை போட்ட மண்தான் என்று சொல்லிவிட்டு மணியடித்ததும் கிளம்பிவிட்டார். எங்கள் பக்கத்துக் கரிசல் அப்படி வந்ததல்ல என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். அன்றைக்கோ அப்படியே நம்பிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. வீட்டில் யாருமில்லை. பெரிய வெடிப்பின் மேல் கானல் நெளிந்ததைப் பார்த்துப் புகையென்று முடிவுகட்டினேன். விடியலில் அம்மா, வற்றிய கண்மாய்க்குள் தோண்டிய ‘ஊத்தில்’ சிரட்டையால் கோரிக் கோரிச் சுமந்து வந்திருந்த இரண்டு குடம் தண்ணீரையும் அந்த வெடிப்புக்குள் கவிழ்த்தேன். மண் ஒரு சத்தமும் போடாமல் குடித்துக்கொண்டது. உருகிய பாறையில் தண்ணீர் பட்டால் இன்னும் பலமாக வெடிக்குமாம். நிஜமாகவே எரிமலை இருந்திருந்தால் தாலுகா மொத்தத்தையும் நானே மேலே அனுப்பியிருப்பேன்.

விறகு வெட்டப் போயிருந்த ஐயாவும் அம்மாவும் வந்தார்கள். நான் உளறியதைக் கேட்ட ஐயா, “வெடிச்ச எடத்துல தண்ணி தேங்குமாக்கும்? அப்ப வெடிக்கட்டும்டா. கம்மாய் ஒண்ணு கெடைக்கும்ல” என்றார். சிரிக்கவில்லை.

அம்மா சும்மாட்டை உதறித் தலையில் வைத்து, குடத்தை எடுத்துக்கொண்டு அந்த வெயிலில் மறுபடி நடந்தாள். பொழுது சாயத் திரும்பியபோது அரைக்குடம்தான் இருந்தது. ஊத்து அவ்வளவுதான் சுரந்திருந்தது. முதல் சொம்பை என்னிடம் நீட்டினாள்.

“குடிடா. மலை வெடிக்கிறதுக்குள்ள குடிச்சிரு.”

அடுத்த சொம்பு ஐயாவுக்கு. மிச்சம் உலைக்கு.

இப்போது அந்தப் புஞ்சையில் செம்மண் கொட்டி மட்டமடித்து, கல் நட்டு, ‘பிளாட்டு’ போட்டிருக்கிறார்கள். வெடிப்பு கிடையாது. கண்மாய்க்குள் ஊத்து தோண்டவும் ஆள் கிடையாது. இந்தக் கதையை எங்கே சொன்னாலும் சிரிக்கிறார்கள். நானும் அதற்காகத்தான் சொல்கிறேன். ஐயா இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மாவும் இல்லை. அந்த அரைக்குடத்தில் அவள் ஒரு வாயாவது குடித்தாளா என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை.