பரம் அண்ணை பார்த்த பாங்கொக்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பரம் அண்ணை போன செய்தி வந்தபோது நான் குளியலறையில் நின்று தலைக்கு டை பூசிக்கொண்டிருந்தேன். என் முடி இயற்கையிலேயே கறுப்பு என்று லண்டன் ஈஸ்ட் ஹாம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலை. கடை முதலாளி நேசன்தான் போன் எடுத்தான். "பரம் அண்ணை போயிட்டார்" என்றான். "எங்க?" என்று கேட்டேன். அவர் எங்கும் போகிற ஆள் இல்லை, அதனால் அப்படிக் கேட்டுவிட்டேன். நேசன் செத்தவீட்டுக்கு வரச் சொன்னான். அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. குளிக்கும் தொட்டியின் விளிம்பில் அப்படியே இருந்துவிட்டேன். கழுவ வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. செத்தவீட்டுக்கு நெற்றியில் கறுத்த பட்டி ஒன்றோடு போனேன். அங்கே நின்ற எல்லாரும் அதைப் பார்த்தீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காமல் இருப்பதில் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது எனக்குச் சில மாதங்களாகத் தெரியும்.

முப்பத்தோராம் நாள் செத்தவரின் நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அவருடைய மனைவி தேவி அக்கா சொன்னார். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். கடைக்குச் சாமான் ஏற்றுகிற வான் ஓடுகிறவன். மரக்கறிப் பெட்டியில் இருக்கிற எழுத்துத்தான் நான் ஒழுங்காக வாசிக்கிற எழுத்து. போதாததற்கு, கல்வெட்டில் செத்தவர்கள் எல்லாரும் பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம். அப்படி எழுத எனக்கு வராது, அண்ணையோடு எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது என்று சொன்னேன். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கோவத்தோடயே எழுதுங்கோ தம்பி. பொய்யா ஒண்டும் எழுதாதேங்கோ. அது அவர் போதுமான அளவு சொல்லிப்போட்டார்."

ஆகவே எழுதுகிறேன்.

நேசனின் கடையில் மரக்கறிப் பகுதிக்குப் பரம் அண்ணைதான் ராசா. நான் காலையில் சந்தையில் இருந்து பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்குவேன், அவர் பிரித்து அடுக்குவார். இருபத்திரண்டு வருசம் இப்படி ஓடியது. வெண்டிக்காய் வாங்க வந்தவர், லண்டன் வரும் வழியில் அண்ணை நின்ற பாங்கொக்கைப் பார்க்காமல் திரும்பியதில்லை. ஒரு பெரிய வெள்ளரிக்காயைத் தட்டில் கிடத்துவார். அது படுத்திருக்கிற புத்தர். பாகற்காயை நிமிர்த்தி வைப்பார். அது ஆற்றங்கரைக் கோயில், உடைந்த பீங்கான் கோப்பைத் துண்டுகள் பதித்ததில் மேலெல்லாம் அப்படித்தான் சொரசொரக்குமாம். கீரைப் பிடியை நீளமாகப் போட்டால் ஆறு, அதில் வெண்டிக்காய் எல்லாம் படகு. கடைசியாக இரண்டு முருங்கைக்காயை நட்டு, மேலே ஒன்றைக் குறுக்கே வைப்பார். அதுதான் ராட்சத ஊஞ்சல். ஏப்பிரலில் அங்கேயும் வருசப் பிறப்பு, ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடும், அன்றைக்குத் தான் அந்த ஊஞ்சலில் ஏறி ஆடியதாகச் சொல்லுவார். உச்சியில் இருந்து அரண்மனைக் கூரை தெரிந்ததாம். பின்னால் வரிசையில் நிற்கிறவர் முணுமுணுத்தால், "படுத்திருக்கிற புத்தருக்கே அவசரமில்லை, உமக்கென்ன அவசரம்?" என்பார். "ஒரு ஊரைப் பாத்ததெண்டு சொல்ல வேணுமெண்டால் கால் நோகவேணும்" என்றும் சொல்லுவார்.

இதில் என்ன பெரிய விசயம் என்று இளம் பிள்ளைகள் நினைக்கலாம். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த கதை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதை. காசு வாங்கிக் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஏதோ ஒரு நாட்டில் ஒரு அறையில் அடைத்துவைப்பான், எப்போது கூப்பிடுவான் என்று தெரியாது, சன்னலுக்குப் பக்கத்தில் போகக்கூடாது, பிறகு ஒருநாள் கூப்பிடுவான். பரம் அண்ணை ஒருவர்தான் எட்டு மாதம் ஊர் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவர். எங்கள் எல்லாருடைய பயணத்திலும் அவருடையது ஒன்றுதான் பயணம் மாதிரி இருந்தது. நான் அவரைப் பகிடி பண்ணாத நாள் இல்லை. "உல்லாசப் பயணி வாறார், வழி விடுங்கோ" என்று பெட்டியைத் தூக்குவேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது தேவையாக இருந்தது. எங்களில் ஒருவனாவது வெளியில் நின்றிருக்கிறான் என்ற நினைப்பு.

ஒருமுறை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வாழைக்குலை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் வானில் போனோம். வழியில் ஒரே நெரிசல், ஒரு மணித்தியாலம் அசையவில்லை. அன்றைக்குத்தான் நான் என் அறையைப் பற்றி அவருக்குச் சொன்னேன். மொஸ்கோவில் பதினொரு பேர் இருந்த அறை. ரூபன் என்ற பெடியனுக்குக் காய்ச்சல், நான்தான் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். ஏஜென்சிக்காரன் வந்து என் பெயரைக் கூப்பிட்டான். துணியை அவன் நெற்றியிலேயே விட்டுவிட்டு எழும்பிப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பிறகு எங்கே என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இதை நான் வதனிக்கும் சொன்னதில்லை, பெண்சாதிக்குச் சொல்லாததை அவருக்குச் சொன்னேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பரம் அண்ணை ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை பேர், எங்கே படுத்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், அந்தப் பெடியன் கடைசியாக என்ன சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு அப்பிடி ஒண்டுமில்லை ரவி. நான் குடுத்துவைச்சவன், ஊர் சுத்திப் பாத்தனான்" என்றார். மிச்ச வழி முழுக்க ஆற்றுப் படகுக் கதை சொன்னார். கோயில் வாசலில் இறங்கும்போது நான் சிரித்துக்கொண்டு இறங்கினேன்.

போன வருசம் எங்கள் கலியாணத்துக்கு இருபத்தைந்து முடிந்தது. வதனியைக் கூட்டிக்கொண்டு பாங்கொக் போனேன். அண்ணையையும் அக்காவையும் வரச் சொல்லிக் கெஞ்சினேன். "ஒருக்காப் பாத்தது காணும்" என்றுவிட்டார். ஆனால் பில் அடிக்கிற கடதாசிச் சுருளில் மூன்று முழ நீளத்துக்கு வழி எழுதித் தந்தார். குறை சொல்லக்கூடாது, எல்லாம் அச்சொட்டாக இருந்தது. படகில் எந்தத் துறையில் இறங்குவது, அரண்மனைக்குள் முழங்கால் தெரியப் போனால் விடமாட்டார்கள் என்பது, புத்தரின் உள்ளங்காலில் சிப்பி பதித்த சித்திரங்கள், அவருடைய முதுகுப் பக்கத்தில் வரிசையாக நிற்கிற பாத்திரங்களில் சில்லறை போட்டுக்கொண்டே நடப்பது. ஒவ்வொரு இடத்திலும் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் கைகூப்பிய படம் ஒன்று பதிலாக வந்தது.

மூன்றாம் நாள் ஊஞ்சலுக்குப் போனோம். நடுத் தெருவில், தென்னையைவிட உயரத்துக்கு இரண்டு சிவப்புத் தூண், மேலே குறுக்கே ஒரு வேலைப்பாட்டுச் சட்டம். கயிறு இல்லை. பலகை இல்லை. திருத்த வேலைக்குக் கழற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து, எப்போது திரும்பப் போடுவீர்கள் என்று பக்கத்தில் பழம் வெட்டி விற்ற மனுசியிடம் கையைக் காலை ஆட்டிக் கேட்டேன். முதலில் அவவுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தா. அதைக் கழற்றியது தன் தாத்தா காலத்தில் என்று உடைந்த இங்கிலீசில் சொன்னா. அவ பிறந்ததில் இருந்து அதில் ஒருவரும் ஆடியது கிடையாது.

நான் வதனியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு முதலே தெரியுமோ?"

"என்ர அக்கா ஆக்கள் இஞ்ச வந்திட்டுப் போகேக்கயே சொன்னவை" என்றாள். "அண்ணை சந்தோசமாச் சொல்லுறார், நீங்களும் சந்தோசமாக் கேக்கிறியள். நான் ஏன் இடையில வருவான்?"

அவளுடைய அக்கா குடும்பத்துக்குத் தெரியும். லண்டனின் மறுபக்கம் மோர்டனில் இருந்து போய் வந்தவர்களுக்குத் தெரியும். நேசனுக்குத் தெரியும். அண்ணை எழுதிக் கொடுத்த சுருளோடு போன ஒவ்வொரு குடும்பமும் அந்தத் தூணுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, லண்டன் வந்து வாயை மூடிக்கொண்டது. அண்ணை மரக்கறி நிறுக்கிற சாட்டில் அவர்களிடம் மற்ற இடங்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத் தன் கதையைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார். ஊஞ்சல் விசயத்தில் மட்டும் மரியாதைக்காக ஒருவரும் அவரைத் திருத்தவில்லை. ஊரையே பகிடி பண்ணுகிற நான் இருபத்திரண்டு வருசமாக உங்கள் நடுவில் ஒரு பகிடியாக நின்றிருக்கிறேன். நல்லாய் இருங்கோ.

திரும்பி வந்த முதல் நாள் கடைக்குப் போனேன். அண்ணை லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றார், நாலைந்து பேர் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார்கள். நான் இரண்டு முருங்கைக்காயை எடுத்து அவருக்கு முன்னால் நட்டுப் பிடித்தேன். "கயிறு எங்க அண்ணை?" என்று கேட்டேன். அவர் சிரிக்கப் பார்த்தார். "கழட்டிப்போட்டாங்களோ?" என்றார். "ஓம், நீங்கள் பிறக்க முதலே கழட்டிப்போட்டாங்கள்" என்றேன். ஆட்கள் முன்னால் அப்படிக் கேட்டது சரியில்லை. அன்றைக்கு எனக்கு அது சரியாக இருந்தது.

பின்னால் சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அரிசி மூட்டையில் இருந்துகொண்டு சொன்னார். பாங்கொக்கில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடி. எட்டு மாதமும் ஒரே அறை. சன்னல் கண்ணாடிக்குப் பெயின்ற் அடித்திருந்தது. சுவரில் முந்தி இருந்தவன் யாரோ ஒட்டிவிட்டுப் போன பெரிய படம் ஒன்று, ஊர் சுற்ற வருகிற வெளிநாட்டு ஆட்களுக்குக் கொடுக்கிற வரைபடம். கோயில், அரண்மனை, ஆறு எல்லாம் குட்டி குட்டியாகக் கீறியிருந்ததாம். ஊஞ்சலில் நாலு மனிதர் நின்று ஆடுகிற மாதிரிக் கீறியிருந்ததாம். விடிய எழும்பினால் ஒரு இடத்துக்குப் போவாராம், படத்தில்தான். வருசப் பிறப்புக்கு மூன்று நாள் தெருவில் தண்ணீர்ச் சத்தமும் ஆட்கள் சிரிக்கிற சத்தமும் கேட்டதாம்.

"வானில நான் அழுதனான். அண்டைக்காவது எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அவர் கையில் ஒட்டியிருந்த லீக்ஸ் தோலை உரித்துக்கொண்டு இருந்தார். "நீ உன்ர அறையைச் சொல்லேக்க நானும் என்ர அறையைச் சொன்னால் ரெண்டு அறைதான் இருந்திருக்கும், ரவி. வெளியில போக ஒரு இடமும் இருந்திராது."

"அப்ப இவ்வளவு காலமும் நான் மட்டும்தான் அறையில இருந்தனான், என்ன?"

அவர் உரித்த தோலை நிலத்தில் போட்டார். லீக்ஸ் வாடிவிடும் என்று எழும்பிப் போனார். நாங்கள் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் பெட்டிகளை வாசலில் இறக்கிவிட்டு, ஒருமுறை ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்விடுவேன். வான் திரும்பிய பிறகு அவர் வந்து தூக்குவார், கண்ணாடியில் தெரியும். முதுகு நோவோடு ஒவ்வொரு பெட்டியாகத் தூக்குவார். நான் நிற்பாட்டவில்லை. அவர் கைகாட்டியிருந்தால் நிற்பாட்டியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒருமுறை காட்டினார் போலவும் இருக்கிறது.

செத்தவீட்டில் நான் ஒரு வேலை செய்தேன். ரூபனைப் பற்றி யாருக்காவது தெரிந்திருக்கிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். நேசனிடம் கேட்டேன், தேவி அக்காவிடமும் கேட்டேன். "ஆர் ரூபன்?" என்றார்கள் இரண்டு பேரும். வாடிக்கையாளர் எல்லாருக்கும் கயிறில்லாத ஊஞ்சலைக் காட்டிய மனிதர், என் அறையைப் பற்றி ஒரு சொல் வெளியில் விடவில்லை. இப்போது நானே விட்டுவிட்டேன். அவர் காப்பாற்றினார் என்பதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கூட்டாளிக்குத் தன் கஷ்டத்தைச் சொல்லாமல் விடுவது அவனை நம்பாமல் விடுவது. நான் அப்படித்தான் நினைக்கிறேன். செத்துப்போனதால் அது மாறிவிடாது.

தேவி அக்கா அவருடைய சட்டை ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். அவரிடம் இருந்து என்னிடம் மிஞ்சியது சில கேள்விகள். அன்றைக்கு வானில் அவர் என்னிடம் கேட்டாரே, எத்தனை பேர், எங்கே படுத்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று, அதில் ஒன்றைக்கூட நான் அவரிடம் கேட்கவில்லை. சாமான் அறையில் எனக்கு முன்னால் இருந்து சொன்னார், எனக்கு என் கோபம்தான் பெரிதாக இருந்தது. அந்த எட்டு மாதத்தில் அவருக்குப் பக்கத்தில் படுத்தவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விகளை நான் வைத்திருக்கிறேன். இனிக் கேட்க ஆள் இல்லை.

போன வியாழக்கிழமை பெட்டிகளை இறக்கிவிட்டுச் சாமான் அறைக்குள் போனேன். கொஞ்ச நேரம் தனியே இருந்து பார்ப்போம் என்று கதவைச் சாத்தினேன். கைபிடி கழன்று கையில் வந்துவிட்டது. போன் வானில் இருந்தது. தட்டினேன், முன்னால் பாட்டுப் போட்டிருந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து நேசன் சம்பா அரிசி எடுக்க வந்து திறந்தான். உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்டான். வெங்காயம் எண்ணினேன் என்றேன். அந்த அறையில் வெங்காயம் வைப்பதில்லை. வெளியே வந்து பார்த்தேன், கனநேரம் நின்றதற்கு வானுக்குக் கவுன்சில்காரர் தண்டப்பண டிக்கெட் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.